வீடியோ சர்வர்: உள் டிஸ்க் பாதையா, நாஸ் பாதையா?

கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம் என்று வீடியோ சேர்த்து வைக்கும் நாகர்கோவில் ஸ்டுடியோக்காரர்கள் ஜெல்லிஃபின் (சேர்த்த வீடியோவை மற்றக் கருவிகளில் பார்க்க உதவும் சர்வர் மென்பொருள்) போட்டதும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: வீடியோ இருக்கும் இடமாகக் கணினியின் உள் டிஸ்க்கைக் காட்டுவதா, நாஸை (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) காட்டுவதா?

செலவு: உள் டிஸ்க் மலிவு. நாஸ் பெட்டிக்குத் தனிக்காசு.

வேகம்: உள் டிஸ்க்கில் கவலையில்லை. நாஸ் என்றால் லேன் கேபிள் போடுங்கள், வைஃபையை நம்ப வேண்டாம்.

பாதை: உள் டிஸ்க்குக்கு டி டிரைவ், ஃபோல்டர் பெயர், சரி, முடிந்தது. நாஸை விண்டோஸில் இசட் டிரைவாக மேப் செய்து (அதாவது டிரைவ் எழுத்து கொடுத்து இணைத்து) அதையே கொடுத்தால் எக்ஸ்ப்ளோரரில் திறக்கும். ஆனால் சர்வீஸாக, அதாவது யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் ஓடும் சர்வருக்குத் தெரியாது. மேப்பிங் லாகின் செய்த ஆளுக்கு மட்டும்தானே! இரட்டைப் பின்சாய்கோட்டில் (\\) தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். அப்புறம் சர்வீஸ் ஓடும் விண்டோஸ் கணக்குக்கு அந்த ஷேரைப் (நாஸில் பகிர்ந்த ஃபோல்டரை) படிக்கும் அனுமதியும் கொடுங்கள்.

ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் உள் டிஸ்க் போதும். எடிட்டர்கள் இரண்டு மூன்று பேர் கோப்பு போடுகிற இடத்துக்கு நாஸ்.