டைமண்ட் டிஏ42 என்ஜி: ஹேங்கரிலிருந்து ஒரு மதிப்பீடு

இரட்டை எஞ்சின் பயிற்சி விமானம் வாங்க நினைக்கும் பள்ளிகள் என்னிடம் கருத்துக் கேட்கும்போது, விலையை விசாரிப்பதற்கு முன் உங்கள் தளத்தில் எந்த எரிபொருள் தடையின்றிக் கிடைக்கிறது என்று பாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். டிஏ42-க்குப் போட்டியான இரட்டை எஞ்சின் பயிற்சி விமானம் பைப்பர் செமினோலுக்கு ஏவ்காஸ், அதாவது விமானப் பெட்ரோல், வேண்டும். இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 செப்டம்பரில் வடோதரா ஆலையின் தயாரிப்பை அறிமுகப்படுத்தும்வரை, இந்தியாவுக்கு அது இறக்குமதியாகவே வந்துகொண்டிருந்தது. டிஏ42 என்ஜியின் ஆஸ்ட்ரோ ஏஇ300 டீசல் எஞ்சின்களோ, பயணிகள் விமானங்களுக்கு நிரப்பும் அதே ஜெட் ஏ-1 எரிபொருளில் ஓடுகின்றன. அவை இரண்டும் சேர்ந்து மணிக்குச் சுமார் 40 லிட்டர் எடுத்துக்கொள்ள, செமினோலுக்கு 70 லிட்டர் அளவில் தேவைப்படுகிறது. ஆண்டு முழுவதும் பறக்கும் பள்ளிக்கு இந்த வேறுபாடே பெரும் தொகை.

பயிற்சியைப் பொறுத்தவரை என் மனம் சற்றுப் பிளவுபட்டே இருக்கிறது. செமினோலில் ஓர் எஞ்சினுக்கு மூன்று நெம்புகோல்கள். எஞ்சின் நின்றால், எது நின்றது என்று கண்டு, உறுதிசெய்து, புரொப்பெல்லரை ஃபெதர் செய்யும் (காற்றுத் தடை குறையும்படி அதன் இதழ்களைக் காற்றின் திசைக்குத் திருப்பும்) பழக்கம் மாணவரின் கையில் ஊறிவிடும். டிஏ42-இல் எஞ்சினுக்கு ஒரே நெம்புகோல். எஞ்சின் மாஸ்டர் சுவிட்சை அணைத்தாலே ஃபெதர் ஆகிவிடும். ஆனால் செமினோலின் புரொப்பெல்லர்கள் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் அதற்கு ‘கிரிட்டிகல் எஞ்சின்’, அதாவது நின்றுபோனால் மற்றதைவிட அதிகச் சிரமம் தரும் எஞ்சின், கிடையாது. அந்தப் பாடத்தை மாணவர் உடலால் உணர்வது, இடது எஞ்சினை இழந்த டிஏ42-இல்தான்.

பராமரிப்பில் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது நாம்தான். செமினோலில் உள்ளவை போன்ற பழைய லைகமிங் பெட்ரோல் எஞ்சின்களில் வளர்ந்த மெக்கானிக்கின் காது இங்கே பாதி வேலைதான் செய்யும். மீதியை எஞ்சின் கணினியின் பதிவுகளும் மின்சுற்றும் சொல்ல வேண்டும். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஷ்பையரில், தீர்ந்துபோன பேட்டரியோடு வெளி மின்சாரத்தால் கிளப்பப்பட்ட ஒரு பழைய டிஏ42, சக்கரங்களை உள்ளிழுத்த கணத்தில் மின்னழுத்தம் சரிந்து இரண்டு எஞ்சின்களையும் இழந்தது. அதில் இருந்தவை தீலெர்ட் நிறுவனத்தின் முந்தைய டீசல் எஞ்சின்கள்; என்ஜி வகையில் எஞ்சின் கணினிகளுக்கெனத் தனிப் பேட்டரிகள் உண்டு. ஆயினும் அந்தப் பாடத்தை நான் ஹேங்கர் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மாலை மாணவர் ஒருவர் மின்சார மாஸ்டர் சுவிட்சை அணைக்காமல் இறங்கிவிட்டார். மறுநாள் காலை திரையில் வெளிச்சமே இல்லை. வெளி மின்சாரம் கொடுத்துக் கிளப்பிவிடலாம் என்று சொன்னவர்களை மறுத்து, பேட்டரியைக் கழற்றி, முழுவதும் சார்ஜ் ஏற்றிச் சோதித்த பிறகே விமானத்தை ஒப்படைத்தேன். ஒரு நாள் பயிற்சி போயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை.

உடல் முழுவதும் பிசினில் இறுக்கிய கலப்பு நார் அடுக்குகளால் ஆனது. அலுமினியம் போல நசுங்கிக் காட்டாது. வெளியே சிறு கீறலாகத் தெரிவது உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கலாம் என்பதால், ஏணி சாய்ந்தாலும் என்னிடம் வந்து சொல்லுமாறு கண்டிப்பாகக் கூறியிருக்கிறேன். வெயிலில் சூடேறாதிருக்க வெள்ளை வண்ணத்தைக் காப்பதும் இங்கே பராமரிப்பே ஆகும்.

இரண்டு விமானங்கள் வாங்க முடிந்த பள்ளிக்கு டிஏ42 என்ஜியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒன்றுதான் முடியும், ஏவ்காஸும் லைகமிங் அறிந்த மெக்கானிக்கும் அருகிலேயே உண்டு என்றால், நல்ல நிலையிலுள்ள செமினோலையே வாங்குங்கள்.