சிலிக்கா சொட்டு: நகத்துக்கு ஓகே, முடிக்கு சும்மா

காரைக்குடில எங்க வீட்ல தெனமும் சின்ன வெங்காயம் உரிச்சே ஆகணும், உரிக்க உரிக்க நகம் நுனில ஏடு ஏடா பிரிஞ்சு சேலை நூல்ல மாட்டும், எரிச்சலா வரும். ரத்தச்சோகை, தைராய்டு ரெண்டும் டெஸ்ட் பண்ணி நார்மல்னு வந்த பிறகுதான் இந்த ஆர்த்தோசிலிசிக் ஆசிட் சொட்டு, அதாவது ஒடம்பு எடுத்துக்கிற மாதிரி தண்ணில கரைஞ்ச சிலிக்கான் சத்து, வாங்கினேன் (நகம் உடையிறவங்க நீங்களும் அத மொதல்ல பாத்துருங்க).

ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிட்டாச்சு. மொத ரெண்டு மூணு மாசம் ஒண்ணுமே தெரியல, கை நகம் அடில இருந்து முழுசா வளந்து வரவே ஆறு மாசம் ஆகும்ல, அதனால ஒரு பாட்டில்ல ரிசல்ட் இல்லன்னு திட்டாதீங்க. அப்புறம் ஏடு பிரியிறது நல்லாவே கொறஞ்சுச்சு. முடி மட்டும் சீப்புல வர்றது வந்துக்கிட்டேதான் இருக்கு. 2005ல வந்த ஆராய்ச்சில, வெயில்ல தோல் பாதிச்ச 50 பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு தெனம் 10 மில்லிகிராம் சிலிக்கான் 20 வாரம் குடுத்தப்போ நகம், முடி ரெண்டுமே உடையிறது கொறஞ்சுச்சாம். உடையிறதுதான், கொட்டுறது இல்ல. விளம்பரக்காரங்க ரெண்டையும் ஒண்ணாக்கி வித்துடுறாங்க!

இதுல ஒரு கூத்து, மேல்நாட்டுக்காரங்க சாப்பாட்டுல ஒரு நாளைக்கு 20ல இருந்து 50 மில்லிகிராம் சிலிக்கான்தான் போகுதாம், தானியமும் காயும் நெறைய சாப்பிடுற நமக்கு 140, 200ன்னு போகுதாம். தவிடு போகாத அரிசில அதிகம். எங்க அயித்தை கவுனி அரிசிய ராத்திரியே ஊற வச்சு, காலைல அது கருஞ்செவப்பா தண்ணி விட்டு நிக்கிறப்ப, "இதுல இல்லாததா அந்த டப்பாவுல இருக்கு?"ன்னு கேக்கும். வாழைப்பழத்துலயும் நெறைய, ஆனா ஒடம்பு எடுத்துக்கிறது ரொம்பக் கொஞ்சம். பீர்ல இருக்கது நல்லா ஏறும்னு நான் வாசிச்சுக் காட்டுனப்ப வீட்டுக்காரர் மூஞ்சியப் பாக்கணுமே.

எலும்புக்கும் நல்லதுன்னு 2004ல அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு, ஆம்பளைங்களுக்கும் மாதவிலக்கு நிக்காத பொம்பளைங்களுக்கும் சிலிக்கான் அதிகமா சாப்பிட்டா எலும்பு அடர்த்தியும் அதிகமா இருந்துச்சாம், மாதவிலக்கு நின்னவங்ககிட்ட அந்தத் தொடர்பு தெரியல, அதனால அயித்தைக்கு வாங்கித் தரல.

ஒடம்புல ஏறுனது மூத்திரத்துலதான் வெளியேறும், கிட்னி பிரச்சன இருந்தா டாக்டர கேக்காம தொடாதீங்க. இப்ப பாட்டில் தீந்துருச்சு, அடுத்தது வாங்கல, அந்தக் காசுக்கு கவுனி அரிசி வாங்கியாச்சு.