ஆயில் கூலர் கூட்டை வீட்டிலேயே மாற்றினேன்: மூன்றாம் ஆண்டு நிலவரம்

என் காரில் எண்ணெய் கசிந்த ஆயில் கூலர் கூட்டை நானே மாற்றி இது மூன்றாம் ஆண்டு. காராக் நெடுஞ்சாலையின் ஏற்றம், தீபாவளிக்குத் தைப்பிங் போகும்போது ஈப்போவைத் தாண்டி வரும் மலைப்பாதை நெரிசல், ஜாலான் கூச்சிங்கில் நகராமல் நிற்கும் மாலைகள் எல்லாவற்றையும் கார் பார்த்துவிட்டது. தரையில் எண்ணெய் இல்லை. வேலை முடிந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் வெற்றிக் களிப்பில் எதையாவது எழுதியிருப்பேன். ரப்பர் விஷயத்தில் முதல் சில மாதங்கள் எதையும் நிரூபிப்பதில்லை. இரு பாகங்கள் சேரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்தான் கேஸ்கெட்; புதிதாக இருக்கும்போது எந்தக் கேஸ்கெட்டும் கசியாது.

கார் ஐரோப்பியத் தயாரிப்பு. டர்போ வைத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்; வயது பத்தைத் தாண்டிவிட்டது. பெயர் வேண்டாம். இதே ஏற்பாட்டைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன: ஆயில் ஃபில்டர் நிற்கும் கிண்ணமும் ஆயில் கூலரும் ஒரே கூட்டில் அமைந்திருக்கும், அந்தக் கூடு என்ஜின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும். கூடு கண்ணாடியிழை கலந்த நைலான். கூலர் என்பது அலுமினியத் தகடுகளை அடுக்கிய சிறிய கட்டி. ஓர் இடைவெளியில் ஆயில் ஓடும், அடுத்ததில் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஓடும். குளிர்நாட்டில் காலை நேரத்தில் இது ஆயிலைச் சூடாக்குகிறது, ஏனென்றால் கூலண்ட்தான் முதலில் சூடேறும். கோலாலம்பூரில் அந்தப் பக்கத்து வேலைக்கு அதிகம் வாய்ப்பில்லை. இங்கே அதற்கு நாள் முழுவதும் வெப்பத்தை இறக்கும் வேலைதான்.

கசிவுக்கு மூன்று வாசல்கள் உண்டு. கூடும் பிளாக்கும் சேரும் இடம், கூலரும் கூடும் சேரும் இடம், ஃபில்டர் மூடியின் வளையம். நான்காவதாக, கூடே வளைந்தோ மயிரிழை விரிசல் விட்டோ போகலாம். எல்லாவற்றுக்கும் மூலகாரணம் வெப்பம். தினம் சூடாகி, தினம் ஆறி, ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. என் காரில் கழற்றிய கேஸ்கெட் வட்டமான குறுக்குவெட்டோடு பிறந்தது. வெளியே வந்தபோது சதுரமாகத் தட்டையாகி, வளைத்தால் ஒடியும் அளவுக்கு இறுகியிருந்தது.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. எனக்கும் போயிருக்கும். எண்ணெய் கூட்டிலிருந்து இறங்கி, பிளாக்கின் பக்கவாட்டில் ஓடி, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து பார்த்த ஒரு பட்டறைக்காரர், கிராங்க் தண்டின் பின்பக்க சீல் (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார். கீழேயிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் எண்ணெய் மேல்நோக்கி ஓடாது. ஆகவே, ஈரமாக இருக்கும் இடங்களில் மிக உயரமானதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என்ஜினைக் கழுவிக் காயவைத்து, ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயத்தை ஊற்றி, சில நாள் ஓட்டியபின் இரவில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தேன். சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கூட்டின் கீழ் ஓரம் முழுக்கப் பச்சையாக மின்னியது. பின்பக்க சீலைச் சுற்றி மேலேயிருந்து வந்த கோடு மட்டுமே இருந்தது. அந்த விளக்கும் சாயமும் சேர்த்து ஐம்பது ரிங்கிட்டைத் தொடவில்லை.

ஒரு சிறு விளக்கம், பயத்தைக் குறைக்கும் என்பதற்காக. என்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தைவிட அதிகம். என் காரின் கூலண்ட் மூடியில் 1.4 பார் என்று அச்சாகியிருக்கிறது. ஆயில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆகவே உள்தடுப்பு உடைந்தால் ஆயில்தான் முதலில் கூலண்டுக்குள் நுழையும். கூலண்ட் தொட்டி தேத்தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் கலங்கியிருந்தால் அதுதான் பொருள். என்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும், சூடான கூலண்டின் அழுத்தம் மட்டும் சிறிது நேரம் நிற்கும். அப்போது கூலண்ட் ஆயிலுக்குள் போகலாம். சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளுக்கு எமன் அதுதான். என் காரில் இரண்டும் நடக்கவில்லை, வெளிக்கசிவு மட்டுமே. கலந்துவிட்டிருந்தால் இதை வீட்டில் தொட்டிருக்கவே மாட்டேன். ரேடியேட்டர் முதல் ஹீட்டர் குழாய் வரை பலமுறை கழுவ வேண்டும். அத்தனை கழிவு நீரைத் தாமான் (குடியிருப்பு) சாக்கடையில் விட முடியாது, விடவும் கூடாது.

பட்டறையில் கேட்ட கூலி, பாகங்களோடு இரண்டாயிரம் ரிங்கிட்டை நெருங்கியது. அநியாயம் என்று சொல்ல மாட்டேன். இன்டேக்கைக் கழற்றி, கூலண்டை வடித்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட அரை நாள் ஆகும். நான் வீட்டில் செய்ய முடிவு செய்ததற்குப் பணம் பாதிக் காரணம்தான். இந்த வேலையின் தரம் முழுக்கச் சுத்தம் செய்வதில் இருக்கிறது. பிளாக்கின் முகத்தில் பழைய ரப்பர் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் புதிய கேஸ்கெட் சில மாதங்களில் கசியத் தொடங்கிவிடும். வரிசையில் ஆறு கார்கள் காத்திருக்கும் பட்டறையில், ஓர் உள்ளங்கை அகல உலோகப் பரப்பைத் துடைக்க ஒரு மணி நேரத்தை யார் ஒதுக்குவார்கள்? எனக்கு ஞாயிறு முழுவதும் இருந்தது.

பாகம் எங்கே வாங்குவது என்பதில் குடும்பத்திலேயே கருத்து வேற்றுமை. மைத்துனர் கெடாய் பொத்தோங்கில் (பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் கடை) பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார். வெட்டி வந்த காரின் கதவோ கண்ணாடியோ என்றால் நானும் அங்கேதான் போவேன். ஆனால் அந்தக் கூடும் என் கூட்டின் வயதுதான்; அதே வெப்பத்தில் வெந்ததுதான். இணையக் கடைகளில் அலுமினியக் கூடு ஒன்று எல்லோருடைய பரிந்துரையாகவும் இருந்தது. "பிளாஸ்டிக் உடையும், உலோகம் நிலைக்கும்" என்பதுதான் வாதம். வாங்கினேன். மூன்றாம் ஆண்டில் என் கருத்து: உலோகக் கூடு நல்லதுதான், ஆனால் அதற்குக் கிடைக்கும் புகழில் பாதி கேஸ்கெட்டுக்குச் சேர வேண்டியது. பெரும்பாலான கார்களில் கசிவது பிளாஸ்டிக் அல்ல, ரப்பர். அதோடு வந்த கேஸ்கெட்டுகளை நான் பயன்படுத்தவில்லை. தனியாக விட்டான் (Viton) என்னும் வகை ரப்பரில் செய்தவற்றை வாங்கினேன். சூடான ஆயிலை அது சாதாரண ரப்பரைவிட நெடுநாள் தாங்கும். பணம் இறுக்கமாக இருப்பவருக்கு என் யோசனை, பழைய கூடு நேராக, விரிசலின்றி இருந்தால், கேஸ்கெட் மட்டும் மாற்றினாலே போதும். கூட்டின் முகத்தில் எஃகு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்துக்குக் காட்டினால் வளைவு தெரிந்துவிடும். என் பழைய கூட்டில் அப்படித் தெரிந்தது.

வேலை நடந்த இடம் எங்கள் வரிசை வீட்டின் முன்தாழ்வாரம். மேலே கூரை இருப்பது இங்கே ஆடம்பரமல்ல. மாலை நான்கு மணி மழை பிளாக்கின் திறந்த துளைகளுக்குள் விழுந்தால் வேலை இரட்டிப்பாகும். பக்கத்து வீட்டு அண்ணன் பழைய லாரிப் பட்டறைக்காரர், ஓய்வு பெற்றவர். அவர் வந்து நின்று சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, கழற்றுவதற்கு முன்னால் கழுவு." கூட்டைச் சுற்றியுள்ள மணலும் பிசுக்கும், கழற்றிய நொடியில் ஆயில் வழிக்குள் விழும். அதனால் முதலில் பிரேக் கிளீனரும் பல்துலக்கும் தூரிகையும். பிறகு இன்டேக்கை எடுத்ததும் சிலிண்டர் துளைகளை நாடா ஒட்டி மூடினேன். ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தால் அன்றைய சேமிப்பு முழுவதும் அதோடு போகும்.

கூட்டைத் தூக்கும்போது ஆயிலும் கூலண்டும் சேர்ந்து கொட்டும். எவ்வளவு வடித்தாலும் கொட்டும். துளைகளில் பஞ்சு உதிராத துணியை அடைத்துவிட்டுத்தான் முகத்தைத் துடைக்கத் தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் சுரண்டி, கிளீனர், துணி, பொறுமை. மின் கருவியில் மாட்டும் உரசு வட்டைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு பொடி கண்ணுக்குத் தெரியாது. ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்றுவிடும். அண்ணன் பார்த்த என்ஜின்களில் இப்படிச் செத்தவையும் உண்டு என்றார். சிலிக்கான் பசையும் வேண்டாம். கேஸ்கெட் தன் பள்ளத்தில் தானே உட்காரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதிகப் பசை பிதுங்கி, ஆயில் வழியை அடைக்கும்.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகுச்சாவி) கொண்டு, எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்கினேன். அளவு உங்கள் காரின் பழுதுநூலில் இருக்கும். ஊகித்து இறுக்க வேண்டாம். பிளாக் அலுமினியம். மரை உருவிக்கொண்டால் அதைச் சரிசெய்வது கூட்டை மாற்றுவதைவிடப் பெரிய வேலை. ஃபில்டர் மூடிக்கு மட்டும் நூலைத் தேட வேண்டியதில்லை, என் காரில் மூடியின் தலையிலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கிறது. கூலண்டுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரும் செறிவான கூலண்ட் திரவமும் சரிபாதி. நிரப்பியபின் காற்றை வெளியேற்றுவதில் அவசரப்படக் கூடாது. காற்று தங்கினால் நெரிசலில் வெப்பமானி ஏறும், நீங்கள் கசிவு திரும்பிவிட்டது என்று பதறுவீர்கள். காலையில் தொடங்கியது, விளக்கு வைக்கும் நேரத்தில் முடிந்தது. பாகங்களுக்கும் திரவங்களுக்கும் எழுநூறு ரிங்கிட் சுமார் ஆயிற்று.

இனி நாள்பட்ட அனுபவம். முதல் சில வாரங்கள் புகை வாடை வந்தது. அது பழைய எண்ணெய், எக்ஸாஸ்ட் வெப்பத்தில் காய்ந்து எரிவது. தானே அடங்கியது.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம் குழாய். கூலண்ட் குழாய்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்னும் ரப்பரால் ஆனவை. சூடான தண்ணீரையும் கூலண்டிலுள்ள கிளைகால் (glycol) வேதிப்பொருளையும் அது பல்லாண்டு தாங்கும்; கனிம எண்ணெய் பட்டால் மட்டும் உப்பி, மெத்தென்று ஆகிவிடும். கசிவுக்கு நேர்கீழே இருந்த ஒரு குழாய் அடுத்த ஆண்டு பராமரிப்பின்போது விரலில் அமுக்கினால் பஞ்சுபோல் உள்வாங்கியது. வெடிக்கும் முன் மாற்றினேன். என்ஜினைத் தாங்கும் மவுண்ட்டின் ரப்பரும் எண்ணெயை விரும்பாது. பெல்ட்டின் நிலையும் அப்படியே: எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும், இழை பிரியும்; சில என்ஜின்களில் பிரிந்த பெல்ட் கிராங்க் தண்டின் முன்பக்க சீலுக்குள் இழுக்கப்பட்டுப் பெருஞ்செலவு வைத்ததும் உண்டு. ஆகவே "சின்னக் கசிவுதானே, ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டலாம்" என்று சொல்பவர்கள் ஆயிலின் விலையை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள்.

ஆயில் வெப்பம் குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. கருவியில் முன்பு பார்த்த அளவுகளையே இப்போதும் பார்க்கிறேன். கூலர் தகடுகள் அதேவை. கூடு உலோகமானதால் என்ஜின் குளிர்ந்துவிடாது. விளம்பரத்தில் அப்படி ஒரு வரி இருந்தது, சிரித்துக்கொண்டேன்.

உலோகக் கூட்டில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அதோடு வந்த ஃபில்டர் மூடியின் மரை கரடுமுரடாக இருந்தது. ஆயில் மாற்றும்போதெல்லாம் கடைசிச் சுற்று முரண்டு பிடித்தது. பழைய மூடி பொருந்தியதால் அதையே போட்டுவிட்டேன். இப்போது சிக்கலில்லை. பழைய பாகத்தை அன்றே குப்பையில் போடாமல் வைத்திருங்கள்.

வடித்த ஆயில் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் பயன்படுத்திய மசகு எண்ணெய், 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிகளின்படி எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. புது ஆயில் வந்த அதே புட்டிகளில் ஊற்றித் தாமான் முனைப் பட்டறையில் கொடுத்தேன். அவர்களிடமிருந்து எடுத்துப்போக ஆள் வருகிறது. கூலண்டையும் தனியே கொடுத்தேன். அதைப் பூனைகள் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போகும். எங்கள் தெருவில் பூனைகளுக்குப் பஞ்சமில்லை. தரையை மனைவி இரண்டுமுறை சோப்பு போட்டுக் கழுவவைத்தாள், மறுநாள் அங்கே கோலம் போட வேண்டுமாம்.

கொண்டோ அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதற்கு முயல வேண்டாம். நிர்வாகம் அனுமதிக்காது, அனுமதித்தாலும் அடித்தளக் கார் நிறுத்தத்தில் வெளிச்சமும் தண்ணீரும் போதாது. அவர்கள் பட்டறைக்குப் போகட்டும். போகும்போது விட்டான் கேஸ்கெட்டைக் கையோடு கொண்டுபோய், கழற்றியபின் பிளாக்கின் முகத்தைத் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பூட்டச் சொல்லட்டும். கோபித்துக்கொள்ளும் மெக்கானிக்காக இருந்தால் வேறு பட்டறை பார்க்கலாம்.

இப்போது ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியால் கூட்டின் கீழ் ஓரத்தை ஒரு தடவை தடவிப் பார்க்கிறேன். போனமுறை தூசி மட்டும்தான் ஒட்டியது. மூடியின் வளையத்தை ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுகிறேன். அது ஃபில்டர் பெட்டியிலேயே வருகிறது.