பண்டிகைப் பரிசுகளுக்கு ஒரு குவில்லிங் பெட்டி: எதை நம்பலாம், எதை மாற்ற வேண்டும்

ஜன்னலில் தொங்கவிட ஆறு இதழ் நட்சத்திரங்கள், அலுவலகத்தில் ஆளுக்கொரு புக்மார்க், பரிசுப் பொட்டலங்களில் கட்டப் பெயர் அட்டைகள். இந்தப் பண்டிகைக்கு இவை எல்லாவற்றையும் ஒரு தொடக்கநிலை குவில்லிங் பெட்டியை வைத்தே செய்து முடித்தேன். குவில்லிங் என்பது காகிதப் பட்டைகளைச் சுருட்டி, கிள்ளி, ஒட்டி வடிவங்கள் செய்யும் கைவேலை. வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் எல்லாமே ஒரே தரம் இல்லை.

காகிதம் அருமை. 3 மி.மீ., 5 மி.மீ. என இரண்டு அகலங்களில் பட்டைகள், கனம் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). பிரிண்டரில் போடும் சாதாரணத் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் இருக்கும். அதை வெட்டிச் சுருட்டினால் சுருள் விறைப்பாக நிற்காது, கிள்ளிய முனையும் சற்று நேரத்தில் மழுங்கிவிடும். இந்தப் பட்டையில் நீர்த்துளி வடிவம் கிள்ளினால் முனை அப்படியே கூராக நிற்கிறது. சாயமும் தாளின் உள்வரை இறங்கியிருக்கிறது. குவில்லிங்கில் பார்ப்பவர் கண்ணில் படுவது பட்டையின் விளிம்புதான். அங்கே வெள்ளைக் கோடு தெரிந்தால் மொத்த வேலையும் மங்கிப் போகும்.

அட்டையில் ஒட்டும் வேலைக்கு 3 மி.மீ. போதும். தொங்கவிடும் பொருளுக்கு 5 மி.மீ. எடுங்கள். இதழும் இதழும் சேரும் இடத்தில் ஒட்டும் பரப்பு கூடுதலாகக் கிடைக்கும், காற்றில் ஆடினாலும் பிரியாது.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது வட்டத் துளைகள் கொண்ட அளவுப் பலகை. ஒரே நீளமுள்ள பட்டைகளைச் சுருட்டி ஒரே துளைக்குள் தளரவிட்டால் எல்லாச் சுருளும் ஒரே அளவில் வரும். ஆறு இதழ் நட்சத்திரத்தில் ஓர் இதழ் பெருத்தாலும் முழுதும் கோணலாகிவிடும் என்பதால், இந்தப் பலகை இல்லாத பெட்டியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பலகையின் பின்பக்கம் குண்டூசி குத்துவதற்கு மெத்தென்று இருக்கிறது. ஒரு தாளில் அறுகோணம் வரைந்து அங்கே வைத்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் இதழ்களை அடுக்கி ஊசியால் நிறுத்திவிட்டு ஒட்டினால் பசை அடியில் பிடிக்காது, நட்சத்திரம் சுத்தமாகக் கழன்று வரும்.

கருவிகள் இரண்டு. நுனியில் பிளவு உள்ளது ஒன்று, வெறும் ஊசி ஒன்று. பிளவுக் கருவியில் பட்டையைச் செருகிச் சுற்றுவது சுலபம். அக்கா மகள் சின்னப் பெண், அவளே அதில் மளமளவென்று சுற்றித் தள்ளினாள். ஆனால் இதில் பிளவு கொஞ்சம் அகலம். சுருளின் நடுவில் சின்னக் கொக்கி போல ஒரு மடிப்பு விழுந்துவிடுகிறது. தூரத்தில் தொங்கும் நட்சத்திரத்தில் அது தெரியாது, கையில் பிடித்துப் பார்க்கும் புக்மார்க்கில் தெரியும். அதற்கு ஊசியைப் பழகுங்கள். பட்டையின் நுனியை நகத்தால் நீவி வளைத்துக்கொண்டால் ஊசியைச் சுற்றித் தானாகவே பிடித்துக்கொள்ளும். மின்சாரத்தில் சுற்றும் கருவியெல்லாம் தேவையே இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய மடங்களில் வழிபாட்டுப் பொருட்களை அலங்கரிக்கப் பறவை இறகின் தண்டில்தான் காகிதத்தைச் சுருட்டினார்கள்.

பசையை மட்டும் நான் ஏற்கவில்லை. நீர்த்தன்மை அதிகம், குப்பியின் வாய் பெரியது, அழுத்தினால் சொட்டிவிடுகிறது. ஈரம் கூடினால் காகிதம் நெளியும். காய்ந்ததும் நிறம் தெரியாத கெட்டியான வெள்ளைப் பசை ஒன்றைத் தனியாக வாங்கி, பல்குச்சி நுனியால் பொட்டு அளவு வையுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: பட்டையைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரம் மெலிதாக இருப்பதால் ஒட்டிய இடமே தெரியாது.

கையேட்டில் இருப்பவை பெரும்பாலும் பெரிய பூக்கூடைகளும் சட்டமிட்ட படங்களும். உடன் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்க அவை பொருந்தாது. மேசையில் இடம் அடைக்கும் பரிசை வாங்கும்போதே எங்கே வைப்பது என்ற சங்கடம் வந்துவிடும். தட்டையாக, சின்னதாக, அவர் பெயரைத் தாங்கி இருந்தால் போதும். கெட்டி அட்டையை நீளவாக்கில் வெட்டி, மேலே அவர் பெயரின் முதல் எழுத்தைப் பட்டை விளிம்பாலேயே வளைத்து ஒட்டி, பக்கத்தில் இரண்டு இலைகள் வைத்தேன். எழுத்தைப் பக்கங்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் அமைத்தால் புத்தகத்தை மூடும்போது நசுங்காது. கணக்குப் பிரிவு அக்கா வாங்கியதுமே அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் செருகிக்கொண்டார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நிறையப் பேருக்குச் செய்வதென்றால் ஒவ்வொன்றாக முடிக்காதீர்கள். முதலில் எல்லாச் சுருளையும் சுற்றி வைத்துவிட்டு, பிறகு மொத்தமாக ஒட்டுங்கள். கை ஒரே பதத்தில் இருப்பதால் அளவு மாறாது.

அம்மாவுக்குக் கொடுத்த நட்சத்திரங்களை நேர் வெயில் படாத ஜன்னலில் கட்டச் சொன்னேன். சாயத்தாள் வெயிலில் வெளுக்கும். ஈரத்துக்கும் ஆகாது, நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷை மெலிதாக ஒரு பூச்சு பூசினால் ஓரளவு தாங்கும்.

பெட்டியில் வெள்ளையும் சிவப்பும்தான் முதலில் தீர்ந்தன. மறுபடியும் முழுப் பெட்டி வாங்க வேண்டாம். இதே 120 ஜிஎஸ்எம் கனத்தில், தேவையான நிறத்தில் பட்டைக் கட்டு மட்டும் தனியாகக் கிடைக்கிறது.