விசேஷத்துக்கு ஐஸ்கிரீம் சாண்ட்விச் சொல்கிறீர்களா? முதலில் பிஸ்கட்டைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்யாணம், வயது நிறைவுச் சாந்தி, புதுமனை என்று எது வைத்திருந்தாலும், பந்திக்குப் பிறகு ஐஸ்கிரீம் சாண்ட்விச் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள். எங்கள் அப்பச்சியின் சாந்திக்கு 250 சொல்லியிருந்தோம், ஒன்று 70 ரூபாய். மாதிரிக்குக் கொண்டுவந்து காட்டியது ஒன்று, அன்றைக்கு வந்து இறங்கியது முற்றிலும் வேறு. 17,500 ரூபாய் போனது போக, சாந்திக்கென்று மலேசியாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருந்த பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு வளவு முற்றத்துத் தூணடியில் வைத்துவிட்டுப் போனதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மாதிரி நன்றாக இருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கோக்கோ போட்ட கறுப்பு பிஸ்கட், நடுவில் வெனிலா. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு கடித்தாலும் பல்லுக்கு இணங்கியது, ஐஸ்கிரீம் ஒதுங்கி வெளியே வரவில்லை, பிஸ்கட்டில் வெண்ணெய் வாசம். முட்டை வேண்டாம், வெண்ணெயில்தான் செய்ய வேண்டும், உள்ளே வைப்பது ஐஸ்கிரீமாக இருக்க வேண்டும், இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். மூன்றுக்கும் சரி என்று பதில் வந்தது. அந்த உரையாடல் அப்படியே இருக்கிறது.

சாந்தியன்று காலையில் தெர்மகோல் பெட்டிகளோடு வேன் வந்தது. மீதிப் பணத்தைக் கொடுத்தால்தான் இறக்குவோம் என்றார்கள், சமையல்கட்டில் பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் யார் அதோடு மல்லுக்கு நிற்பது, கொடுத்தாயிற்று. பெட்டியைத் திறந்தால் உலர்பனியும் இல்லை, சாதாரணப் பனிக்கட்டியும் இல்லை. பாதி உருகி, எங்கேயோ மறுபடி உறைய வைத்திருக்கிறார்கள். ஐஸ்கிரீமில் நறநறவென்று பனித்துகள். அதுகூடப் பரவாயில்லை. பிஸ்கட் சீப்புச் சீடையைப் போல மொறமொறவென்று இருந்தது, கடித்தால் உடையும் வேகத்தில் உள்ளே இருப்பதெல்லாம் பக்கவாட்டில் பிதுங்கிப் பட்டுப்பாவாடையில் விழுகிறது. பல்செட் வைத்திருக்கும் அத்தைமார் தொடவே இல்லை. தின்று முடித்தவர்களுக்கோ மேலண்ணத்தில் மெழுகு பூசினது மாதிரி ஒரு பிசுக்கு. வெண்ணெய் வாயின் சூட்டில் கரைந்துவிடும். உருகுநிலை உடம்புச் சூட்டைத் தாண்டும் வனஸ்பதி வகைகளைப் போட்டால் அது கரையாமல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எண்ணெய் மாறினால் முறுக்கை வாயில் வைத்ததுமே சொல்லிவிடுகிற ஊர் இது, யாரை ஏமாற்றப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

பிற்பகலில் வீட்டின் இரண்டாங்கட்டுப் பகுதியைக் கூட்டும்போது அவர்களுடைய ஆட்கள் விட்டுப்போன காலி டப்பாக்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று அச்சடித்திருக்கிறது. ஃப்ரோசன் டெசர்ட் விற்பது குற்றம் இல்லை, அதை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். ஆனால் அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் இருக்கும். வெறும் ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்க நம் நாட்டு விதிப்படி குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும், லிட்டருக்கு 525 கிராம் எடையாவது நிற்க வேண்டும். ஐஸ்கிரீமா என்று கேட்டபோது ஆமாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இதை வைத்ததைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

செய்து கொடுத்தவருக்குப் போன் செய்தேன். அவர் சொன்ன பதில் இதுதான்: “ஆச்சி, ஃப்ரீசர்ல வச்சா எந்த பிஸ்கட்டும் கல்லாத்தான் ஆகும். அதுவும் நீங்க முட்டை வேணாம்னுட்டீங்க, அப்புறம் எப்படி சாஃப்டா வரும்?”

இந்தப் பதிலுக்காகத்தான் இந்தப் பதிவே எழுதுகிறேன். இது பொய், விஷயம் தெரிந்தே சொல்கிற பொய், ஏனென்றால் அவரே கொண்டுவந்த மாதிரி முட்டையில்லாமல் மெதுவாகத்தான் இருந்தது. நியூயார்க் தெருக்களில் 1900 வாக்கிலேயே தள்ளுவண்டியில் ஐஸ்கிரீம் சாண்ட்விச் விற்றிருக்கிறார்கள். 1928-இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு நடுவே ஐஸ்கிரீம் வைத்துச் சாக்லேட்டில் முக்கி ‘இட்ஸ்-இட்’ என்று விற்க ஆரம்பித்தது இன்றைக்கும் விற்கிறது. உறைகுளிரிலும் கடிக்க மெதுவாக இருக்கும் பிஸ்கட்டை இத்தனை காலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்கு இந்தச் சாண்ட்விச்சில் ஐஸ்கிரீமைவிடப் பிஸ்கட்தான் பிடிக்கும். ஓரத்தில் ஐஸ்கிரீமின் ஈரம் ஏறி, கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு பதத்தில் நிற்கும் பாருங்கள், விரலில் கறுப்பாக ஒட்டும், அதுதான் சுவை. அந்தப் பதம் வர என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டால் யாரும் உங்களிடம் இப்படிக் கதை சொல்ல முடியாது.

முதலில் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டால் மொறுமொறுப்பு வரும். வெல்லப்பாகின் ஈரம் உள்ள நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் தேன் இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அந்த ஈரத்தில் சர்க்கரை கரைந்திருப்பதால் தண்ணீர் உறைவதுபோல அது இறுகி உறையாது. அடுத்தது கொழுப்பு. வெண்ணெய் வாசத்துக்கு வேண்டும், ஆனால் ஃப்ரீசர் குளிரில் வெண்ணெய் இறுகிவிடும். அதனால் ஒரு பங்கு மணமில்லாத எண்ணெய் சேர்க்க வேண்டும். மூன்றாவது வேகவைப்பது. நடு இன்னும் வேகவில்லையோ என்று சந்தேகம் வரும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், தட்டிலேயே ஆறி இறுகிவிடும். இரண்டு நிமிஷம் கூட விட்டால் அது தேநீரில் நனைத்துத் தின்கிற பிஸ்கட்.

எங்கள் வீட்டில் நான் செய்வது: 100 கிராம் வெண்ணெய், இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய், 150 கிராம் நாட்டுச் சர்க்கரை, 50 கிராம் வெள்ளைச் சர்க்கரை, ஒரு மேஜைக்கரண்டி தேன் எல்லாவற்றையும் அடித்து, முட்டைக்குப் பதிலாக மூன்று மேஜைக்கரண்டி கெட்டித் தயிர் விட்டு, 170 கிராம் மைதா, 40 கிராம் இனிப்பில்லாத கோக்கோ, அரைத் தேக்கரண்டி சோடா மாவு, கொஞ்சம் உப்பு சலித்துப் போட்டுப் பிசைந்து, மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். அப்புறம் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்துவேன். கடையில் வாங்கும் சாண்ட்விச்சில் புள்ளி புள்ளியாக ஓட்டை இருப்பதும் இதற்குத்தான், ஆவி வெளியேறி பிஸ்கட் உப்பாமல் தட்டையாக நிற்கும். 175 டிகிரியில் எட்டு, ஒன்பது நிமிஷம். நன்றாக ஆறியதும் பிஸ்கட்டையும் அரை மணி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கொஞ்சம் இளகிய ஐஸ்கிரீமை நடுவில் வைத்து, பட்டர் பேப்பரில் சுற்றி ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். இந்தக் கடைசி ராத்திரியை மட்டும் குறைக்காதீர்கள், ஐஸ்கிரீமின் ஈரம் பிஸ்கட்டில் இறங்குவது அப்போதுதான். நாங்கள் சொன்னதை அன்றைக்குக் காலையில்தான் அவசரமாக ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு, பிஸ்கட்டில் ஈரமே ஏறவில்லை.

250 பேருக்கு வீட்டில் செய்ய முடியாது, சரி. வெளியில் சொல்வதாக இருந்தால் மாதிரியை உங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் போட்டுவைத்து மறுநாள் கடித்துப் பாருங்கள். வெண்ணெயா வனஸ்பதியா, ஐஸ்கிரீமா ஃப்ரோசன் டெசர்ட்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில்லிலோ பெட்டியிலோ உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுத்த 14 இலக்க எண் இருக்க வேண்டும், அதைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் அங்கேயே விட்டுவிடுங்கள். எதில் வைத்துக் கொண்டுவருவார்கள் என்பதையும் கேளுங்கள், நம் ஊர் வெயிலுக்கு வெறும் தெர்மகோல் போதாது. மீதிப் பணம் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கடித்த பிறகுதான் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

நான் டப்பாக்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் படம் எடுத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். பணம் வராவிட்டால் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது. நேற்று அவரே கூப்பிட்டு, பணத்துக்குப் பதிலாகப் பேத்தி பிறந்தநாளுக்கு கேக் செய்து தருகிறேன் ஆச்சி என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பக்கத்தில் வேறு யாருக்காவது மாதிரி ஒன்று, சரக்கு ஒன்று என்று நடந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், காலி டப்பாவைக் கழுவி எடுத்து வையுங்கள், நீங்களும் புகார் கொடுங்கள்.