குடிநீரில் களைக்கொல்லி: கரியா, தடையா, விவசாயிக்குக் காசா?

வயலில் அடித்த களைக்கொல்லி குடிநீருக்கு வந்துவிட்டது என்றால் வழக்கமாக மூன்று தீர்வுகள் பேசப்படும்: வந்ததை வடிகட்டு, மருந்தைத் தடை செய், அல்லது அடிக்காமலிருக்க விவசாயிக்குப் பணம் கொடு.

நீர் வாரியங்களுக்குப் பிடித்தது வடிகட்டுவதுதான். ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நீரிலுள்ள மாசை ஈர்த்துப் பிடிக்கும் கரியால் ஆன படுகை ஒன்றைக் கட்டினால் போதும், எந்த விவசாயியிடமும் பேச வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மருந்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். அட்ராசின் என்ற களைக்கொல்லியை அந்த அளவுக்குக் கீழே கொண்டுவரக் கரியால் முடியும். ஆனால் நீரில் எளிதாகக் கரையும் குளோபைராலிட் போன்றவை கரியில் சரியாக ஒட்டுவதில்லை. கரியும் நிறைந்துபோகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவு குடிப்பவர் தலையில்தான் விழும்.

தடை மலிவு, ஆனால் மெதுவாகத்தான் பலன் தரும். ஜெர்மனி அட்ராசினை 1991-இல் தடை செய்தது. அதன் சிதைவுப் பொருள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் நிலத்தடி நீரில் அகப்பட்டது. டென்மார்க் 1997-இல் நிறுத்திய டைக்ளோபெனில் என்ற களைக்கொல்லியின் எச்சமும் அப்படித்தான். இத்தனைக்கும் அது முற்றங்களிலும் நடைபாதைகளிலும் தூவப்பட்ட மருந்து. விவசாயிக்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் அது நின்றிருக்காது!

சரி, பணம் கொடுப்பது? இதிலும் இரண்டு வகை. 'கொஞ்சம் குறைத்து அடி' என்று கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. யார் எவ்வளவு அடித்தார் என்று சரிபார்ப்பது கடினம். தெளித்த கையோடு ஒரு பெருமழை பெய்தால் போதும், குறைத்ததெல்லாம் வீண். சாகுபடி முறையையே மாற்றக் கொடுப்பது வேறு. ஜெர்மனியின் மியூனிக் நகரம் 1992 முதல் தனக்குக் குடிநீர் வரும் மாங்ஃபால் பள்ளத்தாக்கில் இதைத்தான் செய்தது. இயற்கை விவசாயத்துக்கு மாறியவருக்கு முதல் 6 ஆண்டுகள் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 280 யூரோ, அடுத்த 12 ஆண்டுகள் 230 யூரோ. களைக்கொல்லியே இல்லையென்றால் அளவு பார்க்கும் வேலையும் இல்லை. அங்கே நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது, மேய்ச்சல் நிலம் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல மாவட்டங்களைக் கடந்து வரும் ஆற்றில் இதைச் செய்தால் பத்துப் பேருக்குக் கொடுப்போம், பதினோராமவர் தெளிப்பார்.

'மாசுபடுத்துபவரே பணம் கட்டட்டும், அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?' என்பது நியாயமான கேள்வி. விதியை மீறி அடிப்பவருக்கு ஒரு காசும் தரக்கூடாது. ஆனால் சட்டம் அனுமதித்த மருந்தை விட்டுவிட்டுக் கைக்களை எடுப்பவருக்கும் இயந்திரக்களை ஓட்டுபவருக்கும் கூலி, டீசல், குறையும் மகசூல் எல்லாம் உண்மையான இழப்பு. சரிவு நிலத்தில் அடிக்கடி உழுதால் மண்ணரிப்பு வேறு. உழாமல் பயிர் செய்பவர்கள் களைக்கொல்லியை நம்பியிருப்பதே இதனால்தான். அவர்களுக்கு நிரந்தரப் புல்வெளியாக மாற்றப் பணம் கொடுப்பதே பொருந்தும்.

என் தேர்வு இது: மண்ணில் நெடுங்காலம் தங்கும் மருந்துக்குத் தடை, கிணற்றைச் சுற்றியுள்ள சிறிய பரப்புக்குப் பணம், பெரிய ஆற்றுக்குக் கரி. பணம் கொடுப்பதானால் ஒப்பந்தம் நீளமாக இருக்கட்டும். நிலத்தடி நீர் மாறவே பல ஆண்டுகள் ஆகும் இடத்தில் மூன்றாண்டுத் திட்டம் போட்டுவிட்டு, 'பலனில்லை' என்று நிறுத்துவது பணத்தை வீணாக்குவதுதான்.