தட்டைத் தலையா, உருண்டைத் தலையா: ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு எந்த பெல்லட்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தட்டைத் தலைப் பக்கம். பெல்லட் என்பது ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு. நான் போடுவது 0.53 கிராம் எடை, 4.50 மில்லிமீட்டர் தலை, ஜெர்மனியில் செய்த மேட்ச் பெல்லட், அதாவது போட்டிக்கென்று செய்தது. உருண்டைத் தலை, நம்மூரில் செய்த டப்பா, எடை குறைந்த தட்டைத் தலை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு இதில் நின்றிருக்கிறேன், அதனால் நடுநிலையான தீர்ப்பெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

என்னிடம் இருப்பது பேரலை மடக்கி லோடு செய்யும் சாதாரண ஸ்பிரிங் ரைபிள். சுடும் இடம் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடுதான். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசல் கதவிலிருந்து பின்கட்டுச் சுவர் வரை ஒரே நேர்கோடு. 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். பின்கட்டுக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, கனமான இரும்புப் பெட்டிக்குள் களிமண் மாதிரி இருக்கும் பட்டியை அப்பி, அதன் முன்னால் டார்கெட் அட்டையைச் செருகுவேன். வெறும் இரும்புத் தகட்டில் சுட்டால் ஈயம் சிதறித் திரும்பி வரும், அதைச் செய்யாதீர்கள். 0.177 அங்குல அளவுக்குள், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம் என்பதால்தான் என்னைப் போன்றவர்கள் இதில் விளையாட முடிகிறது. மொட்டை மாடிப் புறாவுக்குக் குறி வைக்க பெல்லட் தேடுகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

கூர்மூக்கு பெல்லட்டை ஒரே வரியில் தள்ளிவிடலாம். பார்க்க மிரட்டலாக இருக்கும், அந்த முனை துல்லியமாக நடுவில் அமைந்தால்தான் நேராகப் போகும், பெரும்பாலும் அமைவதில்லை. ஈயமில்லாத கலவை பெல்லட்டும் அப்படித்தான். எடை குறைவு, வேகம் அதிகம், டப்பாவின் மேல் போட்டிருக்கும் வேக எண்ணைத் தவிர எனக்கு அதில் எதுவும் பிடிக்கவில்லை.

மிச்சமிருக்கும் போட்டி தட்டைக்கும் உருண்டைக்கும். தலையின் வடிவம் வெறும் அழகுக்கு இல்லை, துப்பாக்கி எப்படி வேலை செய்கிறதோ அதைப் பொறுத்தது. அமெரிக்காவில் லீவர் ஆக்‌ஷன் ரைபிளுக்கு (டிரிகருக்குக் கீழே உள்ள நெம்புகோலை இழுத்து லோடு செய்வது) தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்கள் தட்டை மூக்குக் குண்டைத் தேடுவதற்கு வேறு காரணம். வின்செஸ்டர் 1894 போன்றவற்றில் பேரலுக்கு அடியில் குழாய் மேகசின் இருக்கும், தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக அதில் படுத்திருக்கும், பின்னால் இருப்பதன் கூர்மூக்கு முன்னால் இருப்பதன் அடிப்பாகத்தில் உள்ள பிரைமரை, அதாவது இடித்தால் தீப்பற்றும் மூடியை, இடித்தால் மேகசினுக்குள்ளேயே வெடித்துவிடலாம். அந்த ஆபத்து நமக்கு இல்லை. தோட்டா நிரப்புவதும் இங்கே நம் கைக்கு எட்டுகிற வேலை இல்லை. நமக்கு வெடிமருந்தும் கிடையாது, அதை அடைக்கும் கேஸும் கிடையாது, மாற்றிப் பார்க்க இருப்பது பெல்லட் ஒன்றுதான். அதனால் அந்த ஒன்றைச் சரியாக எடுக்க வேண்டியிருக்கிறது.

பெல்லட்டை விரலில் எடுத்துப் பார்த்தால் உடுக்கை போல இடுப்பு சிறுத்திருக்கும். முன்னால் தலை, பின்னால் உள்ளீடற்ற பாவாடை. சுட்டதும் காற்றின் அழுத்தத்தில் பாவாடை விரிந்து பேரலின் மரையில் (உள்சுவரில் திருகாக ஓடும் வரிகள்) அழுந்தி அடைத்துக்கொள்ளும். தலை மட்டும் மரையின் மேடுகளை லேசாகத் தொட்டபடி போகும். தட்டைத் தலை காகிதத்தில் பஞ்ச் அடித்தது மாதிரி வட்டமாக வெட்டும். உருண்டைத் தலை கிழித்துக்கொண்டு போகும், ஓரம் பிசிறடிக்கும். அட்டை வைத்துப் புள்ளி எண்ணுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் 10 மீட்டர் ரைபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளி என்பது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளிதான், ஓட்டையின் விளிம்பு எந்தக் கோட்டைத் தொட்டது என்பதில்தான் எல்லாச் சண்டையும். ஐப்பசி மழையில் அட்டை ஈரம் குடித்திருக்கும்போது உருண்டைத் தலை போட்ட ஓட்டையைப் பார்த்தால் ஒன்பதா பத்தா என்று கடவுளுக்குத்தான் தெரியும். மின்னணு டார்கெட்டில் சுடுகிறவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

உருண்டைத் தலையின் பலம் தூரத்தில். காற்றைக் கிழிப்பதில் தட்டைத் தலை மோசம், சீக்கிரம் வேகம் இழக்கும், பக்கக் காற்றில் அதிகம் தள்ளாடும். 20, 25 மீட்டரைத் தாண்டினால் உருண்டை முந்திவிடும். பிசிபி ரைபிள் (காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்து வைத்துச் சுடுவது) வைத்து 50 மீட்டர் சுடுகிறவர்கள் பெரும்பாலும் உருண்டைதான் போடுகிறார்கள், அவர்களிடம் போய்த் தட்டைத் தலைக்கு வாதாட மாட்டேன். நான் சுடுவது பெரும்பாலும் 10 மீட்டர் என்பதால் தூரத்தைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

சரி, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. முடிவை உண்மையில் தீர்மானித்தது தலையின் வடிவமோ எடையோ பெயரோ இல்லை, பெல்லட் பேரலுக்குள் உட்காரும் பிடிப்பு.

டப்பாவின் அடியில் அல்லது ஸ்டிக்கரில் 4.49, 4.50, 4.51, 4.52 என்று ஒரு எண் இருக்கும். அது தலையின் விட்டம், மில்லிமீட்டரில். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கெல்லாம் யார் கவலைப்படுவது என்று நினைத்தால், பேரலை மடக்கிக் கட்டைவிரலால் பெல்லட்டைத் தள்ளிப் பாருங்கள். 4.52 என் ரைபிளில் பாவாடை விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், நகத்தால் அழுத்தித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், அழுத்தும்போது பாவாடை ஒரு பக்கம் நசுங்கும். நம்மூர் டப்பாவிலிருந்து எடுத்தது ஒன்று வழுக்கிக்கொண்டு உள்ளே விழும், அடுத்தது மல்லுக்கட்டும். 4.50 தட்டைத் தலை கட்டைவிரலின் ஒரே அழுத்தத்தில், சின்னதாக ஒரு தடுப்பு தெரிந்து, விளிம்போடு விளிம்பாகப் போய் அமர்ந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அந்த டப்பாவில் கட்டைவிரலுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்பதுதான் என்னை வாங்க வைத்தது.

ஸ்பிரிங் ரைபிளில் இந்தப் பிடிப்பு இத்தனை முக்கியமாவதற்குக் காரணம் இருக்கிறது. டிரிகரை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் பாய்ந்து வரும், முன்னால் அடைபட்ட காற்றுதான் அதற்கு மெத்தை. பெல்லட் தளர்வாக இருந்தால் அழுத்தம் ஏறுவதற்குள் கிளம்பிவிடும், மெத்தை இல்லாமல் பிஸ்டன் போய் மோதும், துப்பாக்கி உதறும். இறுக்கமாக இருந்தால் தாமதமாகக் கிளம்பும், பிஸ்டன் காற்றில் பட்டுப் பின்னால் துள்ளும். பெல்லட் பேரலை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கி அசைந்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைந்தால் பிரச்சினை இல்லை, சைட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு பெல்லட் தளர்வு, ஒரு பெல்லட் இறுக்கம் என்றால் எந்த சைட்டும் காப்பாற்றாது. குரூப், அதாவது அட்டையில் விழும் ஓட்டைகளின் கூட்டம், சிதறுகிறது, நம் கை நடுங்குகிறது என்று நினைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருப்போம்.

இரண்டு சோதனைகள், காசு செலவில்லாதவை. ஒன்று, ரைபிளைக் காக் செய்யாமல், அதாவது ஸ்பிரிங் பூட்டிக்கொள்ளும் அளவுக்குப் போகாமல், பேரலை மட்டும் மடக்கி, பெல்லட்டை உள்ளே வைத்து, மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளி மறுபக்கம் எடுப்பது. தலையில் மரையின் தடம் சுற்றிலும் மெலிதாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். தடமே இல்லையென்றால் தலை சிறியது. ஆழமாகச் செதுக்கியிருந்தால் பெரியது. இரண்டு, பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக உருட்டுவது. தலை சிறியது, பாவாடை பெரியது என்பதால் எல்லாமே வளைந்துதான் உருளும், ஒரே வளைவில் வருபவை ஒரு கூட்டம், விலகி ஓடுபவை இன்னொரு கூட்டம். பாவாடை நசுங்கியது தத்தித் தத்திப் போகும், பார்த்ததும் தெரிந்துவிடும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேரம் போர்டு உண்டு, வழவழப்பாக இருக்கிறதே என்று அதில் உருட்டிவிடாதீர்கள். பவுடர் ஒட்டும், அதைவிட முக்கியம், பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் ஈயம் படியும்.

இந்தக் கண்ணாடிச் சோதனையில் நம்மூர் டப்பாவிலிருந்து நல்ல கூட்டத்தைப் பிரித்தெடுக்க முடியும், பிரித்தெடுத்ததைச் சுட்டால் குரூப் கண்ணுக்குத் தெரிந்தே சுருங்கும். பொறுமை இருப்பவர்களுக்கு அது நல்ல வழிதான், வெளிநாட்டு டப்பாவுக்குக் கொடுக்கும் காசும் மிச்சம். ஆனால் கழித்துப் போடுவதையும் கணக்கில் சேர்த்தால் விலை வித்தியாசம் நினைத்த அளவுக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடுகிற நேரத்தில் பாதி உருட்டுவதிலேயே போய்விடும். இன்று நான் நம்மூர் டப்பாவைக் கை பழகவும், புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் மட்டும் வைத்திருக்கிறேன்.

தட்டைத் தலைக்குள்ளேயே 0.45 கிராமா 0.53 கிராமா என்று ஒரு சின்னக் கேள்வி வரும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 இரண்டு எடையிலும் வருகிறது, லேசானது பிஸ்டலுக்கு, கனமானது ரைபிளுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் ரைபிளும் 0.53தான். என் ரைபிளில் கனமானது உதறல் குறைவாக இருப்பது மாதிரி தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன், இரண்டையும் ஒரே தலை அளவில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. பவர் குறைந்த ரைபிள் என்றால் லேசானதை முதலில் பாருங்கள்.

எதை வாங்கினாலும் வடசென்னையில் இன்னொரு தொல்லை உண்டு, கடல் காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கமெல்லாம் ஜன்னல் கம்பியே உதிர்கிற ஊர். ஈயம் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது, வெள்ளையாகப் பூக்கும். ஈரத்தோடு மரம், அட்டைப் பெட்டி இவற்றிலிருந்து வரும் அமில ஆவியும் சேர்ந்தால் இன்னும் வேகமாகப் பூக்கும், அதனால் மர பீரோவில், வாங்கி வந்த அட்டைப் பெட்டியோடு வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். பூத்த பெல்லட் கட்டைவிரலுக்கு உடனே தெரியும், சொரசொரவென்று இருக்கும், நாம் பார்த்துப் பார்த்து எடுத்த 4.50 எல்லாம் அங்கே அர்த்தமில்லாமல் போய்விடும். அந்த வெள்ளைப் பொடி விஷம், ஊதவோ துணியால் தட்டவோ வேண்டாம், அந்த பெல்லட்டை ஒதுக்கிவிடுங்கள். நான் தகர டப்பாவோடு அப்படியே இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டு வைக்கிறேன். ஒரே லாட்டில் (ஒரே தொகுதியாகத் தயாரானவை) நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டியில் சுடுகிறவர்கள் சொல்வார்கள், அவர்களுக்கு அது சரி. இந்தக் காற்றில், வாரம் ஒரு முறை சுடுகிற எனக்கு, ஒரே லாட்டில் இரண்டு டப்பாவுக்கு மேல் வாங்குவது ஈயத்தைப் பூக்க விடுவதற்குத்தான்.

அப்புறம் கை கழுவுவது. பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சிலருக்கு இன்னும் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். சுட்டு முடித்து, சோப்பு போட்டுக் கழுவிவிட்டு பஜ்ஜியை எடுங்கள்.

மீதமிருந்த 4.52 உருண்டைத் தலை டப்பாவை மாதவரத்தில் பிசிபி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். அவர் பேரலில் அது கட்டைவிரலுக்கு இதமாகப் போய் உட்காருகிறதாம், இன்னொரு டப்பா கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.